கரண்டுக்குச் சுருதி சேர்த்த கதை: நெய்வேலியிலிருந்து புதுச்சேரி எஃப்.எம். வரை

2014 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை 6.40. நெய்வேலி பஸ் ஸ்டாண்டில் நாங்கள் மூன்று பேர். கையில் ஒரு கிட்டார், ஒரு ஸ்னேர் டிரம், ஒரு பென் டிரைவ். பென் டிரைவில் ஒரே ஒரு பாட்டு, நான்கு நிமிடம் பத்து விநாடி.

இந்தப் பக்கம் பேண்டு வைத்திருப்பவர்கள் பாட்டை ரேடியோவுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று மெயிலில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. நாங்கள் போன கதையை எழுதிவிடுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பேண்டின் பெயர் மேல்மண். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை முதலில் வாரிக் கொட்ட வேண்டும், அந்த மண். நான் கிட்டார், ரெக்கார்டிங்கும் நான்தான். படித்தது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங். அருள் பாட்டு, பேஸ் கிட்டார். என்னைப் போலவே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். செல்வம் டிரம்ஸ். மந்தாரக்குப்பம் பக்கத்து ஊர்க்காரன்.

புதுச்சேரியில் ஒரு எஃப்.எம். நிலையம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு உள்ளூர் பேண்டுகளுக்கு அரை மணி நேரம் கொடுக்கிறார்கள். ஏழு மெயில் அனுப்பிய பிறகு போன் வந்தது: சனிக்கிழமை பத்து மணிக்கு நேரில் வாருங்கள், பாட்டைக் கேட்டுப் பார்த்துச் சரியாக இருந்தால் மறுநாளே ஒலிபரப்பு.

செல்வத்துக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை வந்திருந்தது. மூன்று ஷிப்ட், வாரம் ஒன்று மாறும். பிராக்டிஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவன் முன்பே சொல்லிவிட்டான்: "ரேடியோல வந்துச்சின்னா வேலைய தள்ளிட்டு உங்க கூட இருக்கேன். வரலன்னா ஒன்னாந்தேதி கேட் பாஸ் வாங்கிடுவேன். அப்புறம் கோச்சிக்கினு நிக்கக் கூடாது." அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு அவ்வளவு முக்கியம்.

ஆறு மணி ஷிப்டுக்குப் போகும் கூட்டம் வடிந்த பிறகு பஸ் ஏறுங்கள். சாமான் வைக்க இடம் கிடைக்கும். எங்களுக்கு இடம் கிடைத்தது, கூடவே கண்டக்டரும் கிடைத்தார்.

"இன்னாப்பா இது, தவிலா?"

"டிரம்ஸுங்க," என்றான் செல்வம்.

"எதுவா இருந்தா இன்னா, லக்கேஜ் போடணும்."

"மடியில வச்சிக்கினு வரேங்க."

"மடியில வச்சா பக்கத்து ஆளு எங்க குந்துவான்? அதுக்கும் ஒரு டிக்கெட் எடு."

"எடுக்கறேங்க. ஜன்னலோரம் சீட்டு குடுங்க அதுக்கு, காத்து வாங்கினு வரட்டும்."

கண்டக்டர் சிரித்துவிட்டார். லக்கேஜ் போடவில்லை. கிட்டாரை மட்டும் டிரைவருக்குப் பின்னால் சாய்த்து வைக்கச் சொன்னார். வடலூர், குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி வழியாகக் கடலூர் சுமார் 40 கி.மீ. எட்டு மணிக்குச் சேர்ந்தோம். குறிஞ்சிப்பாடியில் மட்டும் காரணமே இல்லாமல் பன்னிரண்டு நிமிடம் நின்றது. கடலூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ், 22 கி.மீ., 9.20க்குப் புதுச்சேரி. பஸ் ஸ்டாண்டிலிருந்து நிலையம் வரை ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். நூறு கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

பத்து மணி என்று சொன்னவர்கள் 10.25க்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஒரு மேடம், நாற்பது வயதிருக்கும், பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை. பாட்டை முழுசாகக் கேட்டார்.

"நல்லா இருக்குப்பா. ஆரம்பத்துல டிரம்ஸ் மட்டும் நாப்பது செகண்ட் ஓடுது. வீட்ல கேக்கறவங்க அதுக்குள்ள வேற ஸ்டேஷன் போயிடுவாங்க. அதைக் குறைச்சிக்கலாமா?"

"குறைச்சிக்கலாம் மேடம்," என்றேன். செல்வம் என்னைப் பார்த்தான்.

பிறகுதான் பிரச்சினை. அந்த நிகழ்ச்சியில் ஒரு வழக்கம்: தொகுப்பாளர் பேசும்போது பின்னால் ஒருவர் கீபோர்டு வாசித்துக்கொண்டிருப்பார், அவர் வாசிக்கும்போதே பாட்டு மேலே ஏறும். கீபோர்டு வாசிப்பவர் பெயர் அந்தோணி. ஒத்திகைக்காக எங்கள் பாட்டை ஓடவிட்டு வாசித்தார். டிரம்ஸ் முடிந்து கிட்டார் வந்த நான்கு விநாடியில் நிறுத்தினார். இன்னொரு முறை தொடங்கினார். மறுபடி நிறுத்தினார்.

"தம்பி, நீங்க ஜி-யிலயும் இல்ல, ஜி ஷார்ப்லயும் இல்ல. நடுவுல நிக்கிறீங்க."

"உங்க கீபோர்டைச் செக் பண்ணுங்க," என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு டியூனரை என்னிடம் நீட்டினார். முந்தின நாள் மாலை எங்கள் ஷெட்டில் சுருதி சேர்த்த கிட்டார். தடித்த கம்பியை மூன்றாவது கட்டத்தில் அழுத்தி மீட்டினேன். அது ஜி, விநாடிக்கு 98 சைக்கிள் வர வேண்டும். முள் 100ஐக் காட்டியது.

100 என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் பிராக்டிஸ் செய்வதும் ரெக்கார்டு செய்வதும் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தகர ஷெட்டில். பழைய வயரிங், எர்த் சரியில்லை. ஆம்ப்ளிஃபையரைப் போட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் நிற்காமல் வரும். நம் கரண்ட் 50 சைக்கிள், அந்த இரைச்சல் அதன் இரட்டிப்பு, 100. அதோடு ஒட்டாமல் கம்பியைச் சேர்த்தால் காதை அறுக்கும், ஒட்டிச் சேர்த்தால் இதமாக இருக்கும். இதமாக இருந்த இடத்தையே சுருதி என்று மூன்று வருடமாக நம்பியிருக்கிறோம். டியூனர் வாங்கலாம் என்று அருள் இரண்டு முறை சொன்னான். என் காது போதும் என்று இரண்டு முறையும் சொன்னவன் நான்.

விஷயத்தை விளக்கினேன். அருள் தலையில் கை வைத்துக்கொண்டான். "டேய், ஊரெல்லாம் சுருதிப் பெட்டிக்குச் சேர்ப்பான். நீ ஈ.பி. லைனுக்குச் சேர்த்திருக்கியே!"

அந்தோணி மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். "மின்சாரம் எடுக்கற ஊரு இல்லியா, அதான்."

கீபோர்டின் அடிப்படைச் சுருதியை, எல்லோரும் வைக்கும் 440 சைக்கிளிலிருந்து 449க்கு ஏற்றினால் தீர்ந்தது என்றேன். மேடம் மறுத்தார். நிகழ்ச்சியின் முகப்பு இசை, இடையில் வரும் துண்டுகள், மற்ற பேண்டுகள் எல்லாமே 440. அங்கேயே பாட்டை இரண்டு சதவீதம் இறக்கித் தருகிறேன் என்றேன். எடிட்டிங் கம்ப்யூட்டரில் வெளியாட்கள் கை வைக்கக் கூடாது, அதை இயக்குபவர் வருவது மூன்று மணிக்கு, ஞாயிறு பட்டியல் பன்னிரண்டு மணிக்கு முடிவாகிவிடும் என்றார் மேடம். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

"சரி பண்ணி எடுத்துட்டு வாங்க, கண்டிப்பா கேக்கறேன்," என்றார். நாங்கள் எழுந்துவிட்டோம். அப்போது அந்தோணி செல்வத்தின் பையைப் பார்த்தார்.

"அந்த ஆரம்பத்துல வாசிச்சது நீங்களா? டிரம்ஸுக்குச் சுருதித் தொல்லை இல்லையே. மேடம், புது முகப்பு வேணும்னு சொல்லிட்டிருந்தீங்களே?"

செல்வம் ஸ்னேரை எடுத்தான். கீபோர்டோடு இரண்டு டேக். இருபது விநாடி. மேடத்துக்குப் பிடித்துவிட்டது. இனி அந்த நிகழ்ச்சி அந்த இருபது விநாடியோடு தொடங்கும். 11.40க்கு வெளியே வந்துவிட்டோம்.

திரும்பும்போது கடலூரில் பஸ் மாறினோம். பிறகு செல்வம், "நான் ரேடியோல வந்துட்டேன் இல்ல?" என்றான்.

"நீ வந்துட்டடா. பேண்டு வரல," என்றான் அருள்.

"அப்ப கணக்கு இன்னா? இருக்கணுமா, போவணுமா?"

நான் வேறு யோசனையில் இருந்தேன். விடை கிடைத்த சந்தோஷத்தில் சொன்னேன்: "டிரம்ஸுக்குச் சுருதி கிடையாது. உன் டிராக் அப்படியே இருக்கட்டும். கிட்டாரையும் பாட்டையும் மட்டும் மறுபடி எடுத்தா போதும். நீ வரவே வேண்டியதில்ல."

பொறியியல்படி அது சரி. செல்வம் ஸ்னேர் பையை மடிக்கு இழுத்துக்கொண்டான். "அப்ப வேலை மிச்சம்," என்றான். வடலூரில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போனான். எங்களோடு நெய்வேலி வரை வந்திருக்கலாம்.

மறுநாள் ஐந்து மணிக்கு அருள் வீட்டு மொட்டை மாடியில் கேட்டோம். நெய்வேலியில் அந்த நிலையம் இரைச்சலோடுதான் எடுக்கிறது. ஆனாலும் செல்வத்தின் இருபது விநாடியும் சுத்தமாக வந்தது. செல்வத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இதை எழுதும் புதன்கிழமை வரை எடுக்கவில்லை.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 62 கி.மீ., காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு, ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பாட்டு நான்கு நிமிடத்துக்குள் இருக்கட்டும். லேப்டாப்பை எடுத்துப் போங்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் பாட்டை வேறு ஒருவருடைய கீபோர்டோடு சேர்த்து ஒரு முறை கேட்டுவிடுங்கள். நம் காது நாம் இருக்கும் இடத்துக்குப் பழகிவிடுகிறது. அதை அங்கேயே உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் பஸ் ஏறிய பிறகுதான் கண்டுபிடித்தோம்.

ஒன்றாம் தேதிக்குள் நான் செய்யப்போவது:

1. டியூனர் வாங்குவது. அருள் எவ்வளவு கிண்டல் செய்தாலும் வாயைத் திறக்காமல் இருப்பது.
2. ஷெட்டுக்குப் பின்னால் குழி தோண்டி ஒழுங்காக எர்த் போடுவது.
3. கம்ப்யூட்டரில் இரண்டு சதவீதம் இறக்கும் குறுக்கு வழியை விட்டுவிடுவது. செல்வத்தின் அடி மெதுவாகிவிடும்.
4. கிட்டார், பேஸ், பாட்டு மூன்றையும் 440இல் புதிதாக எடுப்பது.
5. டிரம்ஸையும் புதிதாக எடுப்பது. தேவையில்லைதான். நாற்பது விநாடியும் முழுசாக, அவன் ஷிப்ட் எதுவோ அதற்கேற்ற நேரத்தில்.
6. ஐந்தாவதைச் செல்வத்தின் வீட்டுக்கே போய்ச் சொல்வது. இந்த முறை காரணம் எதுவும் விளக்காமல்.