மெஹருக்கு வந்திருக்க வேண்டிய வேலை

செய்தி வந்தபோது கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பழைய அலுவலகத்து வாட்ஸப் குழுவில் மெஹருன்னிசாவின் படம் மங்கலாகத் தெரிந்தது. கீழே வரிசையாகப் பதில்கள். அந்தக் குழுவில் யாருக்காவது வேலை கிடைத்தால்தான் படம் போடுவார்கள். இவருக்கு எங்கோ பெரிய இடத்தில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வயிறு எரிந்தது. மருந்தின் மங்கல் விலகிய பிறகுதான், மெஹர் மாரடைப்பில் போய்விட்டார் என்று படித்தேன். இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவர் இறந்த செய்திக்கும் நான் முதலில் பொறாமைதான் பட்டேன்.

தில்லைநகரில், இணையதளங்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கும் அலுவலகத்தில் எட்டு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசை. பாலக்கரையிலிருந்து அவர் வருவார், உறையூரிலிருந்து நான். ஒவ்வொரு கட்டுரையிலும் அவரோடு போட்டி போட்டேன். போட்டி நடப்பதே அவருக்குத் தெரியாது என்பது கூடுதல் எரிச்சல்.

அரைமணிக்கு ஒருமுறை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஜன்னல் வழியே தூரத்து மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரையில் எழுத்துகளைச் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருப்பார். கிண்டல் செய்தால், “கண்ணும் நம்மகூட வேலைக்கு வருது சுமதி. அதுக்கும் டீ டைம் கொடுங்க” என்பார். நான் கொடுத்ததில்லை. மாலையானால் எனக்குத் தலை வெடிக்கும், கண் இரண்டும் சிவந்து எரியும். அவரோ காலையில் வந்த அதே முகத்தோடு பஸ்ஸுக்குக் கிளம்புவார். பிழையும் அவர் எழுத்தில்தான் குறைவு.

போன வருடம் தமிழ்ப் பிரிவையே மூடிவிட்டார்கள். எல்லோரும் வேலை தேடினோம். எங்காவது ஆள் தேவை என்று தெரிந்தால் மெஹர் அந்த நிமிடமே குழுவில் போடுவார். நான் விண்ணப்பித்துவிட்டு, கடைசித் தேதி முடிந்தபிறகு போடுவேன். வேலை இல்லை என்று சொல்லிவிட்ட இடத்துக்கெல்லாம் அவரே போன் செய்து, எதில் குறை என்று கேட்டுக்கொள்வார். “சொன்னாத்தானே திருத்திக்கலாம்” என்பார். எனக்கு அந்தத் துணிச்சலும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்த ஒரே ஓர் ஆள் தேவைப்பட்டது. தகவல் சொன்னதும் மெஹர்தான். இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். மூன்று மணி நேரம் கணினியில் திருத்த வேண்டும். தொடங்கும் முன்பே மெஹர் எழுந்து, திரையில் வெயில் அடிக்கிறது, கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்ளலாமா, எழுத்தைப் பெரிதாக்கலாமா என்று மேலாளரைக் கேட்டார். வேலை கேட்டு வந்த இடத்தில் யாராவது இப்படிக் கேட்பார்களா என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நான் வாயைத் திறக்காமல் வெயிலோடு மல்லுக்கட்டினேன். கண்ணில் தண்ணீர் கொட்டி, ஒரு பக்கத்தையே தவறவிட்டேன்.

பிறகு மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். மெஹர் நன்றாகத் திருத்தியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, “அவங்களுக்குக் கண்ணுல ஏதாவது பிராப்ளமா?” என்று கேட்டார். இல்லை, அது அவர் வேலை செய்யும் முறை என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

“ஆமா சார். ரொம்ப நேரம் பாக்க முடியாது. பாவம், கஷ்டப்படுவாங்க” என்றேன்.

அந்தப் ‘பாவம்’ எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது.

மெஹர் வழக்கம்போலப் பதிப்பகத்துக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் இனிப்போடு என் வீட்டுக்கு வந்தார்.

“என் கண்ணுல கோளாறு இருக்கறதா நீங்க சொன்னீங்களாமே. எட்டு வருஷம் பக்கத்துல இருந்து பாத்தவங்க, சும்மா சொல்லமாட்டீங்கன்னு டாக்டர்ட்ட காட்டினேன். ஒண்ணும் இல்லைங்கறாரு. உங்களுக்கும் நாளைக்கு டோக்கன் போட்டிருக்கேன், வாங்க” என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. நான் சொன்னதை உண்மையிலேயே நம்பிப் பயந்துபோய்ப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீ போட உள்ளே போய்விட்டேன். மறுநாள் அவரோடு மருத்துவரிடமும் போய் வந்தேன்.

அதன் பிறகு அவருக்கு நிலையான வேலை அமையவில்லை. வீட்டிலிருந்தபடியே துண்டு துண்டாகத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் இருந்தது.

அடக்கத்தன்று பாலக்கரை வீட்டில் பெண்கள் நிரம்பி வழிந்தார்கள். மெஹர் சொல்லித்தான் தனக்கு வேலை கிடைத்தது என்று ஆளாளுக்கு அழுதார்கள். எனக்கு இத்தனை பேர் அழுவார்களா என்று நின்ற இடத்திலேயே எண்ணிப் பார்த்தேன். என் புத்தி அப்படி.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அவர் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலி. இந்த அஞ்சலி எங்கள் பதிப்பகத்தின் மாத இதழில்தான் வருகிறது. அச்சுக்குப் போகும் முன் மேலாளர் ஒவ்வொரு வரியையும் படிப்பார்.

சார், மெஹருன்னிசாவுக்குக் கண்ணில் எந்தக் குறையும் இருந்ததில்லை. நான் பொய் சொன்னேன். இந்த வரியை மட்டும் வெட்டாதீர்கள்.