குறையை முதலில் எழுதச் சொன்ன ஞானபாய் அக்கா

பால்வெட்டு முடிந்து, சிரட்டைகளிலிருந்து ரப்பர் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஞானபாய் அக்காளின் மருமகள் போன் செய்தாள். "சித்தி, அத்தை போயிட்டாவ. காலத்த எழுப்பப் போனேன், எழும்பல்ல."

வாளியைக் கீழே வைத்துவிட்டு மரத்தில் சாய்ந்து நின்றேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு நெடுமூச்சு. அந்தக் கொம்பு விஷயத்தை அக்கா உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட்டேனே என்கிற ஆசுவாசம். சாவுச் செய்தி கேட்ட நேரத்தில் இப்படியா தோன்றும் என்று அடக்கம் முடிகிறவரை மனது உறுத்தியது. இப்போது உறுத்தவில்லை. அது என்னவென்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் அருமனையில் அக்காளைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அக்கா செய்த வேலை என்ன என்று தெரிந்தவர்கள் குறைவு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு எழுதிப் பழக்கமெல்லாம் அக்கா சொல்லச் சொல்ல எழுதின கார்டுகளில்தான்.

அக்கா இருபது வருடத்துக்கு மேல் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். அந்த வீட்டு முதலாளிக்குப் பொம்மைப் பைத்தியம். சினிமாவில் வருகிற விண்வெளி வீரர்கள், ரோபோக்கள், வேற்றுக் கிரகத்துப் பட்டாளக்காரர்கள், இவர்களின் சின்னச் சின்ன உருவங்கள். ஒரு சாண் உயரம் இருக்காது, கைகால் எல்லாம் மடங்கும். ஒரு அறை முழுக்கக் கண்ணாடி அலமாரி. தூசி தட்டுவது அக்காளின் வேலை. ஒருவனுடைய துப்பாக்கியை இன்னொருவன் கையில் வைத்துவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் சண்டைதான். அப்படித் தூசி தட்டித் தட்டியே எது அசல், எது போலி, எதற்கு மறுபடி சாயம் அடித்திருக்கிறார்கள் என்று அக்காளின் விரல் படித்துக்கொண்டது.

ஊருக்கு வந்த பிறகு, கல்ஃபிலிருந்தும் கப்பலிலிருந்தும் திரும்பியவர்கள் தங்கள் பெட்டியில் கிடந்த பழைய பொம்மைகளை அக்காளிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். அவற்றை வாங்கிச் சேர்க்கிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பொம்மையை நேரில் பார்க்கமாட்டார்கள். அக்கா தருகிற ஒரு கார்டை நம்பி வாங்குவார்கள். என் வீடு பக்கத்திலேயே என்பதால் மத்தியானத்துக்கு மேல் நான் போய்ப் பொம்மைகளைத் துடைப்பேன், அக்கா சொல்கிறதைக் கார்டில் எழுதுவேன், பார்சல் கட்டுவேன்.

அக்கா முதலில் பொம்மையை மேசைமேல் நிறுத்துவாள். சாய்மானம் இல்லாமல் நின்றால் இடுப்பும் முட்டும் கெட்டி என்று அர்த்தம். பிறகு உள்ளங்காலில் கம்பெனி அச்சைத் தேடுவாள். மூக்கு நுனியிலும் விரல்களிலும்தான் சாயம் முதலில் தேயும். அங்கே புதுசாகப் பளபளத்தால் அக்காளுக்குச் சந்தேகம் வந்துவிடும். கடைசியில் மோந்து பார்ப்பாள். எல்லாம் சரியென்றால் "கொள்ளாம்" என்பாள். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

கார்டில் முதல் வரி குறைக்கு. அதை எழுதாமல் நிறையை எழுத விடமாட்டாள். "ஏட்டி வசந்தா, நல்லத பொறவு எழுதலாம், அது எங்கயும் ஓடாது. குறைய மொதல்ல எழுது. இல்லெங்கி அது ஒளிச்சிரும்."

ஒருமுறை இனயம் கடற்கரையிலிருந்து ஒரு மீன்பிடிக்காரர் வலையில் சிக்கின ரோபோ ஒன்றைக் கொண்டுவந்தார். காலில் சிப்பி ஒட்டியிருந்தது.

"ஒரிஜினலாக்கும்," என்றாள் அக்கா. "ஆனா ஒரு கை இல்ல, சாயம் இல்ல. வெல கெடைக்காது மக்கா."

"கடலுக்குள்ள இத்தன காலம் கெடந்திருக்கான். அதுக்கு ஒண்ணும் இல்லியாக்கா?"

"அதுக்கு வெல போட எனக்குத் தெரியாது. வீட்டுல கொண்டு வை. ஒனக்க வலையில மீனு நிக்குதோ இல்லியோ, இவன் நிண்ணிருக்கான்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அடுத்த வாரம் அக்காளுக்கு ஒரு பொதி நெத்தோலி வந்தது.

போன வருடம் குளச்சலிலிருந்து ஒரு டீச்சர் பொம்மை ஒன்றை விற்கக் கொண்டுவந்தார். கப்பலில் வேலை பார்த்து இறந்துபோன அவர் கணவர் பத்திரமாக வைத்திருந்த பொம்மை அது. வெள்ளிக் கவசம் போட்ட ஒரு படைத்தலைவன், நீலக் கண்ணாடி முகம், தலையில் தென்னை ஈர்க்கில் போல மெல்லிய இரண்டு கொம்பு. பழைய பிளாஸ்டிக்கை இளஞ்சூட்டு வெந்நீரில் முக்கி இளகவைத்த பிறகே துடைக்க வேண்டும் என்பது அக்காளின் சட்டம். அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. என் வீட்டு முற்றத்தில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. அவசரத்தில் வெந்நீர் வைக்காமல் துடைத்தேன். வலது கொம்பு கையோடு வந்துவிட்டது.

அக்கா வெளியே போயிருந்தாள். நான் வீட்டுக்கு ஓடி, ஷீட்டை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு துளி ரப்பர் பாலோடு திரும்பி வந்து கொம்பை ஒட்டினேன். செருப்பு வார், வேதப்புத்தகத்தின் அட்டை எல்லாம் எங்கள் வீட்டில் அதில்தான் ஒட்டும். பால் காய்ந்து கண்ணாடி போல ஆனது. அக்கா வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள், தடவினாள், மோந்தாள். "உடைவு இல்ல. எழுது," என்றாள். என் கையாலேயே எழுதினேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ரப்பர் பால் எப்படி மாறும் என்பது எனக்குத் தெரியும். கொஞ்ச நாளில் மஞ்சளாகும், பிறகு தேன் நிறமாகும். வாங்கினவர் வீட்டு அலமாரியில் அந்தக் கொம்பு நிறம் மாறுகிற அன்று, அக்காளின் கார்டை இனி யாரும் நம்பமாட்டார்கள். பார்சலோடு இறங்கினவள் பாதி வழியில் திரும்பி வந்து, அதை அக்காளின் முன்னால் வைத்தேன்.

"எக்கா, இத அனுப்ப வேண்டாம். கொம்ப நான் ஒடச்சிட்டேன். பால் வச்சு ஒட்டினேன்."

அக்கா திட்டவில்லை. பெட்டியைப் பிரித்து, லென்ஸைக் கண்ணோடு வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தக் கொம்புட்டி?"

அந்தக் கேள்விதான் என்னைக் குத்தியது. ஒட்டின இடம் எனக்கு வெறுங்கண்ணிலேயே தெரிந்தது.

"வலது."

அந்த இடத்தை நகத்தால் கீறி மோந்தாள். "சவம், பால் மணம். அண்ணைக்கும் அடிச்சுது. ஒனக்க சேல மணம்னு விட்டுட்டேன்." சிரித்தாள். சிரிப்பு நின்றதும் லென்ஸைக் கீழே வைத்தாள். "ஒரு வருசமா எனக்குக் கண்ணு செரியில்லட்டி. தடவியாக்கும் பாக்கேன். ஆருகிட்டயும் பறயல்ல. பறஞ்சா எனக்க கார்ட ஆரு நம்புவா?"

நான் பிரித்த பெட்டியை மூடி ஓரமாக வைத்தேன்.

"நீ ஒளிச்சது ரெண்டு நாளு. நான் ஒரு வருசம். இப்ப ரெண்டு பேருக்கும் நெஞ்சுல பாரம் இல்ல. போ, சாயா போடு."

நான் சாயா போட்டு எடுத்து வருவதற்குள் அதை வாங்கவிருந்த சென்னைக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "கார்டுல பிழை. வலது கொம்பு ஒட்டினது. நான் பாத்ததுல உள்ள குறை." என் பெயரை எடுக்கவில்லை. அவர் விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டார். குறைந்ததற்கு ஈடாக, குவைத் முதலாளி தனக்குக் கொடுத்துவிட்ட பொம்மைகளில் ஒன்றை அக்கா டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். டீச்சர் முதலில் அதைக் கையில் வாங்கவில்லை. கடைசியில், "நீங்க சொல்லலண்ணா எனக்குத் தெரிஞ்சிருக்காதே," என்றார்.

"ஒங்களுக்குத் தெரியாது டீச்சர். எங்க ரெண்டு பேருக்கும் தெரியுமே," என்றாள் அக்கா.

அதன் பிறகு கார்டில் இரண்டு கையெழுத்து. பார்க்கிறது நான், தடவுகிறது அக்கா. பிறகு ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்தாள். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைத்தான் உற்றுப் பார்த்தாள். "ஏட்டி, இவ்வளவு நரச்சிட்டியா நீ? எனக்க கைக்கு அது தெரியல்ல பாத்துக்க."

அந்த லென்ஸையும் மிச்சமிருந்த கார்டுக் கட்டையும் மருமகள் என்னிடம் தந்துவிட்டாள். பொம்மைகள் இன்னும் வருகின்றன. நான் வெந்நீர் வைக்காமல் ஒன்றையும் தொடுவதில்லை. அக்காளிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் கார்டின் முதல் வரி. அதை எழுதிவிட்டால் அன்றைக்குப் படுத்ததும் உறக்கம் வருகிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு கார்டை எடுத்து அக்காளுக்கும் எழுதினேன். இரண்டு கையெழுத்து போடுகிற இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

குறை: கண் தெரியாததை ஒரு வருடம் மறைத்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

மற்றதெல்லாம் கொள்ளாம்.