லென்சில் காய்ந்த சந்தனம்

எந்தச் சாமானையும் கையில் தூக்கிப் பார்த்தே தரம் சொல்லிவிடலாம் என்பது தணிகாசலத்தின் கொள்கை. கனமாக இருந்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் வெறும் தகரம். காக்களூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக எலெக்ட்ரீஷியன். இந்த ஒரே அறிவை நம்பித்தான் அந்த மகானுபாவர் பங்குச் சந்தையில் காலை வைத்தார்.

ஊரடங்கு தளர்ந்த சமயத்தில், வெளியூர் ஆட்களோடு பேச முதலாளி மீட்டிங் அறைக்கு வீடியோ கான்பரன்ஸ் செட் ஒன்று வாங்கினார். சுவரில் துளைபோட்டு மாட்டியவர் தணிகாசலம்தான். அதன் கறுப்புப் பெட்டியை ஒரு கையால் தூக்க முடியவில்லை. அன்றைக்கே அதைச் செய்த கம்பெனியின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மாடியில் ஓர் அறை கட்டுவதற்காக பி.எஃப். பணத்திலிருந்து எடுத்த நாலு லட்சமும் அந்த ஷேருக்குப் போயிற்று. மனைவி ஹேமாவதியிடம் பேங்க் டெபாசிட் என்று சொல்லிவைத்தார்.

முந்நூறுக்கு வாங்கியது ஆறே மாதத்தில் அறுநூறைத் தொட்டது. அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் யாரும் கேட்காமலேயே உலகப் பொருளாதாரம் பேசினார். ஸ்டோர்கீப்பர் மோகன்ராஜ்தான் ஒருநாள் வாயைத் திறந்தான்.

"இன்னாண்ணா, அல்லாரும் செல்லுலயே மூஞ்சி பாத்துப் பேசிக்கினு கீறாங்க. இந்தப் பொட்டிய எவன் வாங்குவான்?"

"செல்லு இன்னா வெயிட்டு, இது இன்னா வெயிட்டு? அத்த சொல்லு மொதல்ல!"

பிறகு ஷேர் இறங்க ஆரம்பித்தது. கீழே வந்தால்தானே மேலே போக முடியும் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். அந்த வருஷ ஆயுத பூஜையில் லேத், வெல்டிங் செட், கேன்டீன் கிரைண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, மீட்டிங் அறைக்குத் தனியாகப் போனார். கேமராவின் நட்டநடு லென்சில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாசி மாதம் அந்த அறையில் டியூப் லைட் மாற்றப் போனபோது தலையைத் தூக்கிப் பார்த்தார். லென்சில் சந்தனம் அப்படியே இருந்தது. காய்ந்து வெடித்திருந்தது. நாலு மாதமாக அந்தக் கேமராவை ஒருவரும் போடவே இல்லை! பக்கத்து அறையில் இன்ஜினியர்கள் லேப்டாப்பில் வெளிநாட்டுக்காரனோடு ஓசியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊரெல்லாம் ஷேர் பற்றி வகுப்பெடுத்த மேதைக்கு, தான் மாட்டிய பெட்டியை யாராவது தொடுகிறார்களா என்று பார்க்கத் தோன்றவில்லை. ஏணியிலேயே உட்கார்ந்து தன்னை நினைத்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்த நாள் விற்றதில் எண்பத்தெட்டாயிரம் தேறியது.

ஞாயிற்றுக்கிழமை புனேயிலிருந்து மகள் பூமிகா வீடியோ காலில் வந்தாள். ஏழு மாத வயிறு. அடுத்த மாதம் பிரசவத்துக்கு வருகிறாள். அந்த மாடி அறையே அவளுக்காகத்தான். வேலை நடக்கிறது என்று அவளிடம் மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

"நைனா, என் ரூமு எந்த மட்டுல கீது? காட்டேன்."

"சிக்னலு இல்லம்மா. படம் தெரியாது."

"உன் மூஞ்சி நல்லாத் தெரியுதே. ஏன் இப்டி வேர்க்குது உனுக்கு?"

இனி மறைக்க முடியாது. செல்லை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். வெறும் தளம், தண்ணீர்த் தொட்டி, நாலு மூலையிலும் துருவேறிய கம்பிகள். எல்லாவற்றையும் மெதுவாகக் காட்டிவிட்டு, கேமராவைத் தன் பக்கம் திருப்பினார்.

"ரூமு இல்லம்மா. டெபாசிட்டும் இல்ல. அல்லாத்தையும் ஷேருல வுட்டுட்டேன். உங்கம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீ வர்றதுக்குள்ள நானே எப்டியாவது சொல்லிடறேன்."

திரையில் பூமிகாவின் முகம் அசையாமல் நின்றது. சிக்னல் போயிருக்கக் கூடாதா என்று ஏங்கினார். அவள் இமை கொட்டினாள்.

"நைனா, அம்மா உன் பின்னாடிதான் நின்னுக்கினு கீறாங்க."