சீரியஸுக்கு மேலே ஒரு சொல்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் செந்துறைப் பக்கத்தில் முதல் லாரி வாங்கியவன் நான்தான். இங்கிலீஷில் தந்தி எழுத வேண்டுமென்றால் ஊரே என்னிடம்தான் வரும். சிக் என்றால் வெறும் காய்ச்சல், பட்டாளத்தில் லீவு தரமாட்டார்கள். சீரியஸ் என்றால் உயிருக்கு ஆபத்து, உடனே அனுப்பிவிடுவார்கள். இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வடக்கே பட்டாளத்தில் இருந்த என் தம்பியை அந்த ஒரு சொல்லாலேயே மூன்று முறை வரவழைத்தேன். திருவிழாவுக்கு, தங்கச்சி கல்யாணத்துக்கு, என் புது லாரிக்குப் பூஜை போட்டதற்கு. மூன்று முறையும் ‘மதர் சீரியஸ்’. அம்மா அப்போதெல்லாம் களத்தில் கடலை காயவைத்துக்கொண்டிருப்பாள்.

பிறகு நிஜமாகவே விழுந்தாள். இடப்பக்கம் கை கால் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டாக்டர். எங்களில் தாய்க்குக் கொள்ளி வைப்பவன் கடைசி மகன். அவள் கேட்டதெல்லாம் சின்னவன் வந்துவிட்டானா என்பதுதான்.

தந்தி கொடுத்தேன். லீவு இல்லை என்று பதில் வந்தது. மறுபடி கொடுத்தேன். பதிலே இல்லை.

அரியலூர் தந்தி ஆபீசில் போய் நின்றேன்.

“சீரியஸைவிடப் பெரிய வார்த்தை எதுனா இருக்குங்களா சார்?”

‘கிரிட்டிக்கல்’ என்று எழுதிக் காட்டினார் தந்தி குமாஸ்தா. அங்கே நம்புவார்களா என்று கேட்டேன். பழைய தந்திகளும் அவர் கையால் போனவைதான்.

“அனுப்பி அனுப்பி அந்த வார்த்தையச் சாவடிச்சிட்டீங்க. இனி எத எழுதுனா என்னங்க?”

பாரத்தை வாங்கி நானே எழுதினேன். ‘மதர் எக்ஸ்பயர்ட்’. உயிரோடு கிடப்பவளுக்கு.

வீடு திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு மூச்சு திணறும்போதெல்லாம் நான் எழுதியதுதான் பலிக்கிறது என்று நடுங்கினேன். சாமியிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள் தம்பி வந்தான். எல்லாம் முடிந்திருக்கும் என்று வழியிலேயே மொட்டை அடித்து, மீசையும் எடுத்திருந்தான். அம்மா கண் திறந்து கிடப்பதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து வந்து அவள் பக்கத்தில் குனிந்தான். அவள் வலது கையால் அவன் தலையைத் தடவினாள்.

“யாருக்குடா மொட்டை?”

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“உனக்கு ஒடம்பு தேறணும்னு வேண்டிக்கிட்டேம்மா.”

மறுநாள் அவன்தான் கொள்ளி வைத்தான். மழிக்க அவன் தலையில் மயிர் இல்லை. நாவிதர் தண்ணீரை மட்டும் தெளித்துவிட்டுக் கத்தியை மடக்கிக்கொண்டார்.