முதல் பருவத்து இறுதியாட்டம் பார்க்கத் திருகோணமலைக்கு

போன சனிக்கிழமை நான் திருகோணமலைக்குப் போனது கோயிலுக்கோ கடற்குளியலுக்கோ அல்ல, என் தம்பி ஜெறாட் உதைபந்து விளையாடுவதைப் பார்க்க. பல்கலைக்கழக அணிகளுக்கென்று புதிதாகத் தொடங்கிய போட்டித் தொடரின் முதல் பருவம் இது. அவனுடைய அணி இறுதியாட்டம் வரை வந்துவிட்டது. வவுனியாவில் வேலை பார்க்கும் அக்கா நான் அதுவரை அவனுடைய ஒரு போட்டியைக்கூட நேரில் பார்த்ததில்லை.

ஹொரவப்பொத்தானை வழியாக வரும் பஸ்ஸில் மூன்று மணித்தியாலம். காலையில் வெள்ளென ஏறுங்கள், இல்லாவிட்டால் நின்றுகொண்டுதான் வரவேண்டும். ஓர்ஸ் ஹில்லில் தோழி வீட்டில் பையைப் போட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன். மைதானத்துக்கு நானூறு ரூபாய்.

"மெச் பார்க்கவோ போறீங்கள்?" என்றார் ஓட்டோக்காரர்.

"ஓம் அண்ணை. என்ர தம்பி விளையாடுறான்."

"அப்ப கெதியாப் போவம். பிந்தினா நிழலுக்குள்ள இடம் கிடைக்காது."

அவர் சொன்னது சரி. மேற்குப் பக்கப் படிகளில் மட்டும்தான் பின்னேரம் நிழல் விழும். அங்கே ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் மூலையிலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. கூட்டத்துக்குள் ஜெறாட் துள்ளினான். பந்து வலைக்குள்! நடுவர் ஊதி, கோல் என்று மைதானத்தின் நடுவைக் காட்டினார். பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத பெண்ணைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன்.

தன்மேல் விழுந்து கிடந்த கூட்டாளிகளை விலக்கிக்கொண்டு ஜெறாட் எழும்பினான். நேரே நடுவரிடம் போய்த் தன் வலது கையைத் தொட்டுக் காட்டினான். என்ன சொன்னான் என்பதைப் பிறகுதான் அவனிடம் கேட்டு அறிந்தேன்.

"சேர், பந்து என்ர கையில பட்டுத்தான் உள்ளுக்குப் போனது."

கோல் இல்லாமல் போனது. அணித்தலைவன் ரிஸ்வான், கிண்ணியாப் பெடியன், போட்ட சத்தம் படிகள் வரை கேட்டது. "உனக்கு விசராடா? அவர்தானே கோல் எண்டு தந்தவர்!"

எனக்கும் முதலில் கோபம்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் மற்ற அணி ஒரு கோல் போட்டு, கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டது. ஆனால் அவர்களுடைய கோல்காப்பாளர் கொண்டாடப் போகவில்லை. முதலில் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்து, புல்லில் இருந்த ஜெறாட்டைத் தூக்கி நிறுத்தி அணைத்துக்கொண்டார். படிகளில் இருந்த எல்லாரும் எழும்பிக் கை தட்டினார்கள்.

"அந்தப் பிள்ளை உங்களுக்கு ஆர்?" என்று பக்கத்துப் பெண் கேட்டார்.

"என்ர தம்பி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, முன்வரிசையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் நாங்கள் இருவரும் இலங்கைத்துறையில் அப்பா இருக்கும் எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டோம். கிண்ணியாப் பாலம், மூதூர், தோப்பூர் என்று போகும் பாதை. ஞாயிறென்றால் பஸ் குறைவு, தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். அடுத்த பருவத்துக்கு வருகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி இந்தப் பக்கமும் வாருங்கள்.

அதே பஸ்ஸில் ரிஸ்வானும் ஏறினான். ஜெறாட்டின் பக்கத்தில் வந்து இருந்தான். கிண்ணியாவில் இறங்க எழும்பியபோதுதான் வாய் திறந்தான்.

"கோபம் இன்னும் போகல்ல. ஆனா அடுத்த வருசமும் முன்னுக்கு நீதான் விளையாடுற. வேற ஆளைப் போட ஏலாது."

தம்பி தலையை ஆட்டினான். பஸ் புறப்பட்ட பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, அப்பாட்ட என்னெண்டு சொல்றது?"

"தோத்ததை நீ சொல்லு" என்றேன். "மிச்சத்தை நான் சொல்லுறன்."