வாடகைக்குப் பிடித்த தாய்வீடு

மகளின் தலைப்பிரசவத்துக்காகக் காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். கல்லலில் இருந்த எங்கள் வீட்டை அவள் அப்பா இறந்த பிறகு விற்றுவிட்டோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது இங்கே எழுதாத சட்டம். நானோ தாய்வீடு இல்லாத தாய். ஃபிஜியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, தீவுப் பெண்கள் பிள்ளைப்பேற்றை எப்படிக் கடக்கிறார்கள், யார் கூட இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்வதுதான் என் பிழைப்பு. தீவு தீவாகப் போய் அடுத்தவர் மகள்களோடு பாயில் உட்கார்ந்தவளுக்கு, சொந்த மகளை உட்காரவைக்க ஒரு கூடம் இல்லை.

மகள் இதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "மாமியா வீட்டுலயே பெத்துக்கிறேன். வந்துட்டு ஓடிப்போற ஆளுக்கு எதுக்கும்மா வீடு?" என்று போனில் கேட்டாள். சுருக்கென்றது. லீவு போட்டுவிட்டு வந்து, வாடகை வீட்டில் பால் காய்ச்சி, அவளை அழைத்து வந்தேன். ஒரே ஒரு பையோடு வந்தாள். அதையும் பிரித்து அடுக்கவில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடிவிடுவாள். எந்த நேரமும் கிளம்பிவிடுவாளோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாணவியின் ஆய்வேட்டு அத்தியாயத்தைத் திருத்தப் போவேன். பால் பொங்கி வழியும். அடுப்பைத் துடைத்துவிட்டு மகள் எதிரே போய் உட்காருவேன். ஒருநாள் அப்படித்தான் கேட்டேன்: "கால் வீக்கம் எப்பலேருந்து? மொதல்ல யார்ட்ட சொன்ன? அவுக என்ன சொன்னாக?"

"பேட்டி எடுக்கிறியாம்மா?" என்றாள்.

பேட்டிதான். ஆய்வில் நான் கேட்கும் அதே வரிசையில் கேள்விகள் வந்து விழுந்திருந்தன. "இல்லடி" என்று மழுப்பினேன். கால் அதன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவள் என் காலையே பார்த்தாள்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். வலியில் மகள் பிடித்த பிடியில் என் மணிக்கட்டில் நகத்தடம் பதிந்தது. அது மறையக் கூடாது என்று அற்பமாக ஆசைப்பட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் பை மூடியே இருந்தது.

தொப்புள்கொடி காய்ந்து விழுந்த அன்று, தாயத்துக்குள் வைத்துக் கட்டச் சொல்லி சம்பந்தியம்மா போன் செய்தார். மகள் அதைப் பஞ்சில் பொதிந்து கையில் வைத்துக்கொண்டு, "உன் தீவுல இத என்ன செய்வாக?" என்று கேட்டாள்.

"புதைச்சு, மேல தென்னங்கன்னு வைப்பாக. எங்க போனாலும் பிள்ளை அங்கனயே திரும்பி வரும்பாக."

"நம்மளும் இங்க வைப்பமா?"

அவளாக என்னிடம் ஒன்று வேண்டுமென்று கேட்டது அதுதான் முதல்தடவை. செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே குடியிருக்கும் வீட்டுக்கார ஆச்சி சாவகாசமாகச் சொன்னார்: "பின்னாடி அங்குட்டு எடம் கிடக்கு, வைங்க. ஆனா நீங்க போயிருவீக. யாரு தண்ணி ஊத்துறது? பட்டுப்போச்சுன்னா என்னைய நோகாதீக."

திரும்பி வந்து அப்படியே சொன்னேன். "அப்ப தாயத்துலயே கட்டிருவோம்" என்று மகள் பஞ்சை மடித்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் கோபமே படவில்லை.

அன்று மத்தியானம் முழுக்கக் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். ஆச்சி மேல் எரிச்சல், போனில் கிடந்த திரும்பும் டிக்கெட்டின் மேல் எரிச்சல், தொடங்கப்போகும் வகுப்புகளின் மேல் எரிச்சல். எல்லாம் அடங்கியபின் என் மேல்தான் மிச்சம் இருந்தது. உட்கார்ந்து பல்கலைக்கழகத்தில் என் துறைக்கு எழுதினேன். பிறகு ஆட்டோ பிடித்துப் போய் ஒரு தென்னங்கன்று வாங்கி வந்தேன்.

"டிக்கெட்டு?" என்றாள் மகள்.

"வேண்டாம்னுட்டேன். ஒரு வருஷம் லீவு கேட்டிருக்கேன்."

"குடுக்கலைன்னா?"

"தெரியலடி. இதுக்குத் தண்ணி நாந்தான் ஊத்துவேன்."

அவள் பஞ்சை என் கையில் வைத்தாள்.

குழி வெட்டத் தெரியாமல் வெட்டி, கொடியைப் புதைத்து, கன்றை நட்டு, மண் கையோடு உள்ளே வந்தேன். கட்டிலுக்கு அடியில் பை வாயைத் திறந்து காலியாகக் கிடந்தது. என் சேலைகளை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் துணிகளையெல்லாம் என் அலமாரியில் அடுக்கியிருந்தாள்.