நாற்பத்தேழுக்குப் பின்னால் நின்ற எட்டு

போன மாதம் மருமகன் வீட்டுக்கு வந்திருந்தார். பெங்களூரில் வேலை. லீவில் வந்தாலும் லேப்டாப்பும் கூடவே வரும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எங்கேயோ இருக்கிற ஒரு மெஷினுக்குள் நுழையப் பார்த்தார். கறுப்பு ஜன்னலில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. உங்கள் டெர்மினல் எந்த வகை என்று எனக்குத் தெரியவில்லை என்று அந்தப் பக்கத்து மெஷின் கையை விரிக்கிறது. "சே, இது வேற" என்று அலுத்துக்கொண்டே எதையோ தேடி எடுத்து ஒட்டினார், தட்டினார், தீர்ந்தது. இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. நான் ரசக் கிண்ணத்தோடு அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கீங்க?"

"ஒண்ணுமில்ல மாப்ளே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். அவரிடம் என்னத்தைச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு நான் மாமனார் இல்லை.

அந்த வரியைப் பார்த்ததும் மூக்கில் ஏறியது பஞ்சு வாடை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை ஆபீசில் நான் வேலை பார்த்தேன். எண்பதுகளின் கடைசி. பஞ்சு வாடை என்றால் வெளியூர்க்காரர்கள் மெத்தை வாசத்தை நினைத்துக்கொள்வார்கள். அது வேறு. எண்ணெயும் சூடும் தூசியும் கலந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்கிற வாடை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தலைமுடியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். அந்த வாடை வராத ஒரே இடம் கம்ப்யூட்டர் ரூம். அங்கே ஏசி உண்டு. மெஷினுக்காகப் போட்ட ஏசி, எனக்காக இல்லை. ஆனால் அதில் உட்கார்ந்திருந்தவன் நான்தானே. "செத்த நேரம் நின்னுட்டுப் போறேன் கம்ப்யூட்டர் சாரே" என்று சொல்லிக்கொண்டு ஃபிட்டர்கள்கூட வருவார்கள். சார்! மதுரையில் மூன்று மாதக் கோர்ஸ் படித்தவனுக்கு இருபத்து நாலு வயதில் சார் பட்டம். சட்டைப் பையில் நாலு கலர் பேனா வேறு. இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையலாம் போலிருக்கிறது.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதிலிருந்து ஒயர் இழுத்து ஆபீஸ் முழுக்க டெர்மினல்கள் வைத்திருப்பார்கள். ஒரு திரை, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான் டெர்மினல். சொந்த மூளை கிடையாது. ஒவ்வொரு கம்பெனி டெர்மினலுக்கும் ஒவ்வொரு பாஷை. திரையைத் துடை என்பதற்கு ஒன்று ஒரு குறியைக் கேட்கும், இன்னொன்று வேறு குறியைக் கேட்கும். அதனால் ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்த புது மருமகளிடம், மாமனாருக்கு உப்பு கம்மி, கொழுந்தனுக்குக் காப்பியில் சீனி ஆகாது என்று சொல்லிக்கொடுப்போமே, அது மாதிரி. எழுதிய குறிப்பை 'டிக்' என்று ஒரு கட்டளையிடம் கொடுத்தால் அது மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றி உள்ளே வைத்துக்கொள்ளும். பழைய குறிப்பு இருந்தால் அதன்மேல் புதியது உட்கார்ந்துவிடும். முன்னால் என்ன இருந்தது என்று பிறகு யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த டிக் ஒரு விசித்திரப் பிறவி. ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டால் கத்தும். எல்லாம் சரி என்றால் ஒரு வார்த்தை பேசாது. ஆனால் அது பார்ப்பதெல்லாம் நாம் ஒழுங்காக எழுதியிருக்கிறோமா என்பதைத்தான். எழுதினது உண்மையா, அந்த டெர்மினலுக்கு அது புரியுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவுக்கு ஒரு டெர்மினல் வேண்டும் என்று மேனேஜர் மெட்ராசிலிருந்து பழசாக ஒன்று வாங்கிவரச் செய்தார். கூட விளக்கப் புத்தகம் எதுவும் வரவில்லை. ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருந்தது. எங்கள் மில்லில் ஒரு வழக்கம்: ஓடாத மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க மாட்டார்கள். ரிப்பேரில் கிடக்கிற நூற்பு மெஷினைக்கூடச் சாக்குப் போட்டு மூடிவிடுவார்கள். மேனேஜர் வீட்டில் தெலுங்கு, கோபம் வந்தால் ஆபீசிலும் தெலுங்கு. அன்றைக்கு நல்ல தமிழிலேயே சொன்னார்: "இந்தாப்பா, பூசைக்குள்ள அது ஓடணும். காசு குடுத்து வாங்கிப்போட்டுட்டு பொட்டு வைக்காம விட முடியாது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? வேறொரு டெர்மினலின் குறிப்பை அப்படியே நகலெடுத்தேன். பெயரை மாற்றினேன். கண்ணில் பட்ட ஐந்தாறு வரிகளைத் திருத்தினேன். டிக்கிடம் கொடுத்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை. திரையில் எழுத்து வந்தது, அழகாக வந்தது. மேனேஜரைக் கூட்டிவந்து காட்டி, சபாஷும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் சந்தனம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை சாப்பிட்டோம். பூஜை முடிந்து இரண்டு நாள் யாரும் எதையும் தொடக்கூடாது. அதற்கப்புறம் நானும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன.

அந்த டெர்மினலில் உட்கார்ந்தவள் கதீஜா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை, பை ரிப்பேர் செய்கிற கடை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தாள். அவர்கள் வீட்டுப் பெண்களில் ஆபீசுக்கு வந்த முதல் ஆள். எந்தப் பழிச்சொல்லும் வராமல் இருக்கிறவரை போ என்று அத்தா அனுப்பியிருந்தார். இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். பேச்சு கம்மி, விரல் வேகம். அவள் அடிப்பதைக் கேட்டால் மழை பெய்கிற மாதிரி இருக்கும்.

முன்பெல்லாம் லோடு ஏற்ற, கிளார்க் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். குடோன் சங்கரலிங்கம் அண்ணாச்சி அதை இரண்டு தடவை படித்து, மூட்டையில் எந்த நூல் என்று சொல்கிற லாட் நம்பரையும் பார்த்துத்தான் லாரியில் ஏற்றுவார். கம்ப்யூட்டர் வந்ததும் மேனேஜர் சீட்டை நிறுத்திவிட்டார். திரை என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. அண்ணாச்சி ஜன்னலில் நின்று கேட்பார், கதீஜா படித்துச் சொல்வாள்.

பூஜை முடிந்த வாரத்தில் ஒரு நாள் அவள் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"சார், சில நேரம் பழைய நம்பரோட வாலு போவ மாட்டேங்கு சார். அங்கனயே நிக்கி."

அடுத்தவன் என்றால் எழுந்து போய்ப் பார்த்திருப்பான். நான் ஏசியில் இருந்தேன். "ராத்திரி ஒனக்குத் தூக்கம் பத்தல போல. மூஞ்சியக் கழுவிட்டு வந்து உக்காரு" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு லாரி. "ஏம்மா, லாட்டு என்ன போட்டிருக்கு?" என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார். "நானூத்தி எழுபத்தெட்டு அண்ணாச்சி." "ஏத்துங்கலே!" ஏற்றிவிட்டார்கள். அந்தப் பார்ட்டிக்குப் போக வேண்டியது நாற்பத்தேழு. நானூற்று எழுபத்தெட்டு வேறு ரக நூல், தடிமனானது. அவர்கள் தறியில் ஏற்றி நெய்துவிட்டார்கள். துணி முழுக்க வரி வரியாக ஓடியிருந்தது. போனில் அவர்கள் கத்தியது மேனேஜர் ரூமுக்கு வெளியிலும் கேட்டது.

 மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனதும் கதீஜாவின் டெர்மினலில் போய் உட்கார்ந்தேன். முந்தைய ஆர்டரை எடுத்தேன், லாட் நூற்றுப் பதினெட்டு. அடுத்த ஆர்டரைத் தட்டினேன். நாற்பத்தேழு வந்தது, அதன் பின்னால் பழைய எட்டு அசையாமல் நின்றது. நானூற்று எழுபத்தெட்டு. வரியில் மிச்சத்தை அழி என்று கம்ப்யூட்டர் சொல்லியிருக்கிறது. நகலெடுத்த குறிப்பில் இருந்த அந்தக் குறி இந்த டெர்மினலுக்குப் புரியவில்லை. புரியாததை அது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் ரூமுக்கு ஓடினேன். அந்த ஒரு வரியைத் திருத்தினேன். டிக்கிடம் கொடுத்தேன். பேசவில்லை. திரும்பி வந்து நூற்றுப் பதினெட்டைத் தட்டினேன், பிறகு நாற்பத்தேழு. எட்டு போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் மெஷினைச் சரிபண்ணுகிறேன் என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்க நான் இடம் கொடுக்கவில்லை.

மூன்று மணிக்கு மேனேஜர், அண்ணாச்சி, கிளார்க்குகள் எல்லோரும் அவள் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். கம்ப்யூட்டரில் நாற்பத்தேழு என்றுதான் பதிவாகியிருந்தது. "பெறவு நீ எதைப் பாத்தும்மா வாசிச்ச?" என்றார் மேனேஜர்.

"ஸ்கிரீன்ல நானூத்தி எழுபத்தெட்டுன்னுதான் சார் இருந்துச்சு. இப்பக் காட்டுதேன் பாருங்க."

தட்டினாள். நூற்றுப் பதினெட்டு. தட்டினாள். நாற்பத்தேழு. சுத்தமான நாற்பத்தேழு. மறுபடியும் தட்டினாள். மறுபடியும். அவள் விரல் இரண்டு கீயில் ஒன்றாக விழுந்தது.  என் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க சொல்லுங்க சார். வாலு நிக்கின்னு நான் ஒங்ககிட்ட வந்து சொன்னேன்லா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "மெஷின்ல ஒண்ணும் தப்பு இல்ல சார்" என்றேன். அந்த நேரத்தில் அது உண்மைதான். என் ஜென்மத்தில் இவ்வளவு சுத்தமான ஒரு பொய்யை நான் சொன்னதில்லை.

  அவள் பையை எடுத்துக்கொண்டு நாலரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கிளார்க் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் அவளுடைய அத்தா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "எம்புள்ள அப்படிப் பொய் சொல்லுத புள்ள இல்லிங்க. சொல்லிருந்தா பொறுத்துக்கிடுங்க" என்றார். மேனேஜர் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. நான் கம்ப்யூட்டர் ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போக வேண்டியது பத்தடி. எழுந்தால் என் வேலை போகும், சார் பட்டம் போகும். அம்புட்டுத்தான் காரணம், பூசி மெழுகுவதற்கு ஒன்றுமில்லை. அதோடு அவளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் கல்யாணமும் ஆகிவிட்டது என்று அண்ணாச்சி சொன்னார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் கோர்ட்டு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். அதற்குள் மில் மூடியிருந்தது. மெஷினை ஏலத்தில் கிலோ கணக்கில் எடுத்துப் போனார்கள். குறிப்புகளை எழுதி வைத்திருந்த டேப் சுருள்களை யாரோ கயிறாகப் பயன்படுத்தியதைக் கண்ணால் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டிக்கு நிற்கும்போது, "சார்" என்றது ஒரு குரல். கதீஜா. கூட எட்டு ஒன்பது வயதில் மகள்.

நலம் விசாரித்தாள். மகள் ஸ்கூலில் கம்ப்யூட்டர் கிளாசில் சேர வேண்டும் என்று அழுகிறாளாம். "நாந்தான் சார் வேண்டாங்கேன். எனக்கே கண்ணு சரியா நிக்கல, இவளுக்கு நிக்குமா?"

நான் வாயைத் திறந்தேன். இதோ சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவளே சொன்னாள், ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

"மூணு வருசம் அந்த எட்டப் பாத்தேன் பாத்தேன்னு சாதிச்சுக்கிட்டே கெடந்தேன் சார். அத்தாகூட நம்பல. பொறவு யோசிச்சேன். அம்புட்டுப் படிச்சவிய, நீங்களே மெஷின்ல தப்பு இல்லன்னு சொன்னீங்க. அப்ப எங்கண்ணுலதான தப்பு? அப்படின்னு ஒத்துக்கிட்ட பொறவுதான் சார் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

மதுரை பஸ் வந்தது. "வாரேன்மா" என்று சொல்லிவிட்டு ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தச் சின்னப் பெண் எனக்குக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

மில் இருந்த இடம் இப்போது பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. மேனேஜர் இல்லை, அண்ணாச்சி இல்லை. அந்த எட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி பார்க்கவே இல்லை என்று ஒத்துக்கொண்டுவிட்டாள்.